தாய்மாமன் தங்கதுரை அன்பளிப்பு

கங்கைகொண்டானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான்குவழிச் சாலையின் ஓரமாக நடந்துகொண்டிருக்கிறேன். கையில் ஒரு புதுத் தூக்குவாளி, வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது. உண்மையில் அப்படி நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் எங்கேயாவது காணம் வறுபடுகிற வாசனை வந்தால் மறுபடி அந்தச் சாலைக்கே போய்விடுகிறேன். இன்று காலை எதிர்வீட்டில் யாரோ வறுத்தார்கள். பல் தேய்ப்பதைப் பாதியில் விட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

காணத்தைக் கொள்ளு என்றும் சொல்வார்கள். குதிரைக்குப் போடுவது. குதிரை துவையல் அரைத்துத் தின்றதா தெரியாது, நான் தின்றேன். அப்போது கங்கைகொண்டானில் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. வாசலில் இருந்த ஓட்டலில் மதியம் சாப்பிட்டால் சம்பளம் அங்கேயே செரித்துவிடும். அதனால் நானே பொங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டி புளிமிளகாய் வைத்தால் வியாழன் வரை தாங்கும். அதற்குப் பிறகு காணத் துவையல். காலையில் வடித்த சோறு மதியத்துக்கு, மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலைக்கு. இப்படி மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து எந்த ஊரிலும் நிலைத்ததில்லை.

சோறு கொண்டுபோகிற தூக்குவாளியை டவுனில் ஒரு பழைய பாத்திரக் கடையில் வாங்கினேன். மூடியில் ‘தாய்மாமன் தங்கதுரை அன்பளிப்பு’ என்று பெயர் வெட்டியிருந்தது. யாருடைய சீரோ. பெயர் இருந்தால் சோறு ஒழுகவா போகிறது?

வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்த முதல் நாளே, மெஷின் ஓட்டுகிற செல்வம் மூடியைத் தூக்கி உரக்க வாசித்தான்.

“தங்கதுரை மருமவன் வந்திருக்கான் வே, தள்ளி எடம் குடுங்க!”

எனக்குத் தாய்மாமன் கிடையாது. அம்மா கூடப்பிறப்பு இல்லாத தனி ஆள். ஆனாலும் ‘மருமவனே’ என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். சொந்தப் பெயர் சூப்பர்வைசருக்கு மட்டும் தெரியும், அதுவும் தப்பாக.

பிறகு வாசலுக்குப் புது வாட்ச்மேன் வந்தார், வயதானவர். வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிக்க வேண்டும். என் பைக்குள் கையை விட்டு வாளியை எடுத்தவர் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னால் நின்ற செல்வம், “என்ன அண்ணாச்சி, தங்கதுரை மருமவனையே சந்தேகப்படுதீரா?” என்றான்.

“நாந்தாம்லே தங்கதுரை.”

வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

“இது ஒனக்கு எங்கன கெடச்சுது?”

“டவுன்ல, பழைய பாத்திரக் கடையில அண்ணாச்சி.”

“என் தங்கச்சி மவ கல்யாணத்துக்கு நான் செஞ்ச சீரு. மத்த பாத்திரமும் அங்கன கெடந்துதா?”

கிடந்தன. ஒரு சாக்கு நிறைய, எல்லாவற்றிலும் அதே எழுத்து. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் தலை ஆடிவிட்டது.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அவ,” என்றார். வாளியை மெல்ல என் பையிலேயே வைத்தார்.

மறுநாள் காலை ஒரு புதுத் தூக்குவாளியோடு நின்றார். “இத நீ வச்சுக்கிடு. அத எனக்குக் குடு.”

“அவியகிட்ட கேக்கப் போறீயளா?”

“என்னத்தக் கேக்க? பாத்திரத்த விக்குத அளவுக்கு என்ன பாடு பட்டாளோ. வாளிய நீட்டி, மாமனுக்குப் பசிக்கி, சோறு போடு தாயின்னு சொல்லுவேன். மத்தத அவளா சொன்னாச் சொல்லட்டும்.”

அன்றைய சோற்றைப் புது வாளிக்கு மாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. வேறொரு வாட்ச்மேன் வந்துவிட்டார். தங்கை மகள் வீட்டிலேயே தங்கிவிட்டாரா, அவள் வாசலிலேயே சண்டையாகிப்போனதா, ஒன்றும் தெரியவில்லை. எந்த ஊர் என்றுகூட நான் கேட்டு வைக்கவில்லை. தலையாட்டியது நல்லதா கெட்டதா என்பது இன்றுவரை பிடிபடவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

புது வாளியில் பெயர் இல்லை. செல்வம் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இனி ஒன்ன என்னன்னுலே கூப்பிட?” என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். மிச்சச் சோற்றை அப்படியே வைத்து வாளியை மூடினேன். சம்பளம் போட்டதும் நடையைக் கட்டினேன். ஏன் என்றால் இதற்கு மேல் சொல்லத் தெரியாது.

சமீபத்தில் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். வேப்பமரம் நின்ற இடத்தில் தகரக் கூரை போட்ட கேன்டீன். கல்யாணங்களில் இப்போது பாத்திரத்துக்குப் பதில் கவரில் பணம் கொடுக்கிறார்கள். உரக்க வாசித்து ஒருவனுக்கு உறவு கட்டிவிட எந்த மூடியிலும் ஒன்றும் எழுதியிருப்பதில்லை.

அன்று கங்கைகொண்டானிலிருந்து நடந்து வந்த மறுநாள் காலை, வண்ணார்பேட்டையில் ஒரு மெஸ்ஸில் பார்சல் கட்ட ஆள் வேண்டும் என்றார்கள். மூன்று வேளையும் சாப்பாடு அங்கேயே. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தெரியாத ஆள எப்பிடி அடுப்படிக்குள்ள விட? நீ யாருலே?”

“தங்கதுரை மருமவன்.”

“எந்தத் தங்கதுரை?”

“கங்கைகொண்டான் கம்பெனில வாட்ச்மேனா இருந்தாருல்லா.”

“ஓ, அவரா,” என்று தலையாட்டினார். தெரிந்து ஆட்டினாரா, ஆள் கிடைத்தால் போதும் என்று ஆட்டினாரா, தெரியவில்லை. காலி வாளியை ஆணியில் மாட்டிவிட்டு, சாம்பாரைப் பொட்டலம் கட்ட உட்கார்ந்தேன்.