சாரம் இலவசம்

இந்த ஊரில் நிற்கிற கட்டடங்களில் பாதி எங்கள் மாப்பிள்ளையின் கணக்கில்தான் நிற்கின்றன. சரி, பாதி என்பது கொஞ்சம் அதிகம். பத்துப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கின்றன என்பதும் அதிகம்தான். அவர் போவதற்கு முன்பே அவை நின்றுகொண்டுதான் இருந்தன. மாப்பிள்ளை பெயின்டிங் கான்ட்ராக்டர். ஆனால் கணக்கு என்று சொன்னேனே, அதை மட்டும் குறைத்துக்கொள்ள மாட்டேன். கணக்கென்றால் அப்படி ஒரு கணக்கு.

மற்ற கான்ட்ராக்டர்கள் வீட்டைச் சுற்றி வருவார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், ஒரு தொகை சொல்வார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் அதுகூடச் செய்வதில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைச் சுருக்கி, கைமாற்று கேட்டு வந்த சொந்தக்காரனைப் பார்ப்பதுபோலக் கட்டடத்தைப் பார்ப்பார். பிறகு ஒரு தொகை சொல்வார். அந்தத் தொகைக்குள் வேலையும் முடிந்து, லாபமும் வந்து, காலப்போக்கில் ஒரு வேனும் வந்து சேர்ந்தது. "இதெல்லாம் ஒரு முறையா அத்தை?" என்று மாப்பிள்ளை என்னிடம் வருத்தப்படுவார். வேன் வந்த முறையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று முதலில் நினைத்துக்கொண்டேன்.

அண்ணனிடம் வேலை பார்த்த காலத்திலேயே மாப்பிள்ளையின் எக்செல் ஷீட் பிறந்துவிட்டது. அண்ணனுடைய ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, காலி பெயின்ட் டப்பாக்களின் மேல் பலகை போட்ட ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, மூடி ஆடுகிற லேப்டாப்பில், கட்டம் கட்டமாக அதை வளர்த்தார். சுவரின் நீள அகலத்தைப் போட்டால் ஜன்னலையும் கதவையும் அதுவே கழித்துக்கொள்ளும். பட்டி எத்தனை மூட்டை, பிரைமர் எத்தனை டப்பா, ரோலர் எத்தனை, ஆள் கூலி எவ்வளவு என்று வரிசை வரிசையாக இறங்கும். சுரண்டும்போது கண்ணில் விழுகிற தூசியைக் கழுவ ஆகிற தண்ணீருக்குக்கூட ஒரு கட்டம் உண்டு என்றால் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். ஆனால் டீக்கு இருந்தது. கடைசி வரிசையே டீதான். மழை பெய்தால் ஆளுக்கு ஒரு டீ கூடும்.

இத்தனை வரிசைகளின் கூட்டுத்தொகை எல்லாரும் போடுவதுபோல அடியில் வராது. உச்சியில், பச்சைக் கட்டத்தில், 'மொத்தம்' என்று வந்து உட்காரும். "கஸ்டமர் முதல்ல தேடுறது மொத்தத்தைத்தான் அத்தை. அவரை ஏன் கீழ வரைக்கும் இறங்க விடணும்?" என்று விளக்கினார். மனிதர்களின் கழுத்து வலியில் இவ்வளவு அக்கறை கொண்ட கான்ட்ராக்டரை நான் பார்த்ததில்லை.

அண்ணனும் தம்பியும் பிரிந்தது இந்த ஷீட்டால்தான். ஒரு மருந்துக் கிடங்குக்கு அண்ணன் கண்ணைச் சுருக்கிச் சொன்ன தொகையைத் தம்பி ஷீட்டில் போட்டுப் பார்த்து, வேலையாட்கள் முன்னாலேயே "தப்பு" என்று சொல்லிவிட்டார்.

"அப்ப நீ தனியாப் போய்ச் சரியாப் பண்ணுடா, கம்ப்யூட்டர் கான்ட்ராக்டர்" என்றார் அண்ணன். "முடியலைன்னா வா. பெஞ்சு இங்கயேதான் கிடக்கும்."

அந்தப் பெஞ்சுக்குத் திரும்பிப் போய் உட்காரக் கூடாது. அன்றிலிருந்து மாப்பிள்ளை பல் தேய்ப்பதும் படுப்பதும் அந்த ஒரு வைராக்கியத்தில்தான்.

தனியாக வந்தவர் முதலில் வேலை தேடவில்லை, ஷீட்டைப் பெரிதாக்கினார். அண்ணன் நிழலில் இருந்தவரை இவர் யோசிக்கத் தேவையே இல்லாத சமாச்சாரங்களை எல்லாம் டீ வரிசைக்குக் கீழே சேர்த்து, ஆரஞ்சு நிறம் கொடுத்தார். அப்புறம் சின்னச் சின்ன வீடுகள் கிடைத்தன. ஏணி போட்டு அடித்துவிடுகிற உயரம். வேலை நடந்தது, வாடிக்கையாளர்கள் மெச்சினார்கள், கூலி குறையாமல் போயிற்று. வீட்டுச் செலவை மட்டும் பள்ளியில் புவியியல் நடத்துகிற என் மகளின் சம்பளம் பார்த்துக்கொண்டது.

"ஏங்க, லாபம்னு ஒண்ணு வருமே, அது எங்க?" என்று மகள் அவ்வப்போது கேட்பாள்.

மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறப்பார். வாடிக்கையாளர் கண்ணில் பட வேண்டாம் என்று மறைத்து வைத்திருக்கிற ஒரு வரிசையை, பெட்டகம் திறக்கிற பாவனையில் திறந்து காட்டுவார். "இதோ. ஷீட்ல இருக்கு பாரு."

"கையில?"

"தொழில் வளரும்போது லாபம் உள்ளுக்குள்ளேயே சுத்தும். உனக்குப் புரியாது."

பூமி சுற்றுவதையே பாடமாக நடத்துகிறவளுக்கு இது புரியாதாம். அவளும் விட்டுவிட்டாள். ஷீட்டில் அவள் கை வைப்பதில்லை, சமையலறையில் அவர் கருத்துச் சொல்வதில்லை. அந்த வீட்டில் அமைதி அந்த உடன்படிக்கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஷீட்டைப் பூட்டி வைத்திருந்தால் அவர் புத்திசாலி. ஆனால் பெயின்ட் கடை கவுன்டரில் யாராவது "அட, ஜன்னலை அதுவே கழிச்சுக்குதா!" என்று வாயைப் பிளந்தால் போதும், அந்த இடத்திலேயே அந்த ஆளின் போனுக்கு ஷீட்டை அனுப்பிவிடுவார். அந்த 'அட' சொன்னவர்கள் எல்லாரும் போட்டிக் கான்ட்ராக்டர்கள். ஊரில் பிரஷ் பிடித்தவர்களில் பாதிப் பேரிடம் ஷீட் போய்ச் சேர்ந்தது. இந்தப் பாதி உண்மையான பாதி.

இப்படி இருக்கையில்தான் ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு வெளிப்புறம் பெயின்ட் அடிக்கக் கொட்டேஷன் கேட்டார்கள். ஆடிட் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். நான்கு பேர் கொட்டேஷன் கொடுத்தார்கள். அதில் ஒருவர் அண்ணன். சங்கத்துக் கூடத்தில் உறைகளைப் பிரித்தபோது மாப்பிள்ளையின் தொகைதான் குறைவு. அண்ணனுடையது அதற்கு அடுத்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தை! அண்ணனையே அடிச்சிட்டேன்!"

பதறிப்போய் "எங்க, தலையிலயா?" என்று கேட்டுவிட்டேன்.

வேலை தொடங்குகிற காலையில் மேஸ்திரி வந்தார். கட்டடத்தைக் கீழிருந்து மேலே பார்த்தார், மேலிருந்து கீழே பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"சாரம் எப்ப சார் வருது?"

"சாரமா?"

"ஆறு மாடிக்கு ஏணியா போடுவாங்க? பைப்பு, பலகை எல்லாம் வாடகைக்கு எடுக்கணுமில்ல. எவ்ளோ போட்டிருக்கீங்க?"

"அதெல்லாம் போட்டாச்சு" என்று மாப்பிள்ளை லேப்டாப்பைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்துத் திறந்தார். போட்டுத்தான் இருந்தார். ஆரஞ்சு நிறத்தில், 'சாரம்' என்று, பெரிய தொகையாக. வீடுகளுக்கெல்லாம் ஏணி போதும் என்பதால் இதுவரை பூஜ்யமாகவே கிடந்த வரிசை அது. இப்போதுதான் முதன்முதலாக உயிர் வந்திருக்கிறது. மாப்பிள்ளை உச்சிக்குப் போய்ப் பச்சைக் கட்டத்தைத் தட்டினார். அதன் ஃபார்முலா விரிந்தது. பட்டியைக் கூட்டி, பிரைமரைக் கூட்டி, கூலியைக் கூட்டிக்கொண்டு இறங்கிய கூட்டல், டீ வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டது. நம் ஆட்களைப் போலவே, டீ வந்ததும் வேலையை நிறுத்திவிட்டது. பின்னால் சேர்த்த ஆரஞ்சுப் பகுதி பக்கம் அது திரும்பியே பார்க்கவில்லை.

ஆக, அந்தரத்தில் தொங்கப்போகிற ஆட்களுக்கு டீக்குப் பணம் இருந்தது. நிற்க இடத்துக்குத்தான் இல்லை.

சாரத்தை வாடகைக்கு எடுத்தால் கடன் வாங்க வேண்டும். கடன் வாங்கினால் அதை அடைக்க அண்ணனிடம்தான் வேலைக்குப் போக வேண்டும். வேலையை விட்டுவிட்டால், "ஷீட்டு ஓடிப்போச்சு" என்று பெயின்ட் கடையில் சிரிப்பார்கள். பிறகு யார் வேலை தருவார்கள்? அப்போதும் அண்ணன்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பெஞ்சு வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று செயலாளர் அம்மாளிடம் போனார். "மேடம், கொட்டேஷன்ல ஒரு சின்ன…" என்று ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மாளே முந்திக்கொண்டார்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன் தம்பி. வந்த கொட்டேஷனை எல்லாம் நான் ஒரு தடவை கூட்டிப் பார்ப்பேன், பழைய பழக்கம். நாலு பேருமே சாரத்தைக் காட்டியிருக்கீங்க, ஆனா மொத்தத்துல சேர்க்கலை. உங்க தொழில்ல சாரம் இலவசம்கிறது வழக்கம் போல, இல்லையா? மீட்டிங்ல சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க."

"நாலு பேருமா மேடம்?"

"நாலு பேரும். உங்க அண்ணன்னு ஒருத்தர் குடுத்தாரே, அவரும்தான். என்னமோ சொல்ல வந்தீங்களே?"

கை தட்டிய சங்கத்திடம் என்னவென்று சொல்வது? "ஒண்ணுமில்ல மேடம். இலவசம்தான். எங்க தொழில்ல அது ஒரு மரியாதை" என்றார் மாப்பிள்ளை. ஒரு மனிதர் தம் கழுத்துக்குத் தாமே கயிறு திரித்து, நுனியில் குஞ்சமும் கட்டிய அழகு அது.

ஆனால் திரும்பி வரும் வழியில் அவர் நடை மாறிவிட்டது. நேராக அண்ணனுடைய கிடங்குக்குப் போனார். அங்கே ஆறு மாடிக்கும் போதுமான பைப்பு அடுக்கிக் கிடந்தது. சொந்தப் பைப்பு. அதன்மேல் உட்கார்ந்து அண்ணன் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாடா. பெஞ்சைத் துடைக்கச் சொல்லட்டுமா?"

"அண்ணே, உங்க கொட்டேஷன்ல சாரம் மொத்தத்துல சேரலையாமே."

நகவெட்டி நின்றது. "யார்டா சொன்னது?"

"செயலாளர் அம்மா. ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தா அப்படியா வரும்? அது என் ஷீட்ல மட்டும்தானே வரும்?"

அண்ணன் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "மெதுவாப் பேசுடா. உன் அண்ணிதான் யார்கிட்டயோ வாங்கிக் குடுத்தா. எனக்கும் வயசாகுது, ஒரு கண்ணு சரியாத் தெரியலை. இன்னொண்ணை எவ்வளவுதான் சுருக்குறது?" நகவெட்டியை மடக்கினார். "நல்லவேளை, அந்த வேலை எனக்குக் கிடைக்கலை."

"பெயின்ட் கடையில இதைச் சொன்னா நல்லா சிரிப்பாங்க."

"எத்தனை பைப்புடா வேணும்?"

"ஆறு மாடிக்கு."

"எடுத்துட்டுப் போ. வாடகை பேசினா காலை உடைச்சிடுவேன். ஆனா வாயைத் திறந்தே…"

"எனக்கு எதுக்குண்ணே வாய்?"

அண்ணனின் வேனிலேயே பைப்பு வந்து இறங்கியது. கட்டடம் ஒரு வெளிறிய சாம்பல் நிறத்துக்கு மாறி, குடியிருப்போர் அதற்கும் ஒருமுறை கை தட்டினார்கள். மாப்பிள்ளை முதல் வேலையாக, பச்சைக் கட்டத்தின் கூட்டலை டீயிலிருந்து இழுத்துக் கீழே சாரத்தைத் தொடும்படி வைத்தார். திருத்திய ஷீட்டை ஊரெல்லாம் மறுபடியும் அனுப்பி, மறுபடியும் 'அட' வாங்கிக்கொண்டார். பெஞ்சு அண்ணன் ஆபீசிலேயே கிடக்கிறது. இவர் அதில் உட்காரவில்லை. யாருக்கும் கைகட்டாமல், தம் கணக்கில் தாமே நிற்கிற தனிக் கான்ட்ராக்டராக இருக்கிறார். ஷீட்டில் இருந்த ஒரே ஓட்டை அந்தச் சாரம்தான், அதையும் அடைத்தாயிற்று.

இதுவரை எழுதிவிட்டுப் படித்துக் காட்டினேன். எதிரில் மகள் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்தபடி விட்டுவிட்டு, குளிக்கப் போயிருந்தார். எந்த உடன்படிக்கையையும் என்றாவது ஒருநாள் மீறித்தானே ஆக வேண்டும். அவள் திரையைத் தன் பக்கம் திருப்பி, எதையோ தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கடைசி வரியைத் திருத்திக்கோ. ஒரே ஓட்டை இல்ல, ரெண்டு."

"இன்னொண்ணு எங்கடி?"

"கூட்டலைச் சாரம் வரைக்கும்தான் இழுத்திருக்கார். அதுக்கும் கீழ ஒரு வரிசை மறைஞ்சு கிடக்கு. தனியா வந்தப்ப சேர்த்தது. இதுவரைக்கும் ஒரு வேலைக்குக்கூட அது மொத்தத்துல சேரலை. அவருக்கும் இல்ல, இந்த ஷீட்டை வாங்கினவங்க யாருக்கும் இல்ல."

"என்ன வரிசைடி அது?"

"என் லாபம்" என்று திரையைப் பார்த்து வாசித்தாள். குளியலறையிலிருந்து மாப்பிள்ளை பாடுவது கேட்டது. "அவர் பொய் சொல்லலைம்மா. ஷீட்லதான் இருக்கு."