மலரில் இடம்பெறாத கேப்டன்

விழா மலர் தயாரிக்கிறவர்களுக்கு ஊரில் எல்லாரும் தகவல் தருவார்கள், நாம் கேட்ட தகவலைத் தவிர. பள்ளி ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், குடியிருப்போர் சங்க மலர் என்று எதிலாவது மாட்டிக்கொண்டு அல்லாடியவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் கூடைப்பந்துக் கழகத்தின் பொன்விழா மலர் எங்களிடம் வந்தபோது, முதலாளி சம்பத் அண்ணன், "வரலாறுதானேம்மா படிச்சே, இதுவும் வரலாறுதான்" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

பழைய ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளர்களையும் தேடிப் பிடித்துப் பேசி எழுத வேண்டும். புது ஆளிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எண்ணை அழுத்திவிட்டு, யாரும் எடுக்கக் கூடாதே என்று அச்சகத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். அந்த இரண்டு மாதமும் நான் உட்கார்ந்ததாகவே நினைவில்லை.

கடைசிக் கூடை

கழகம் எப்போதோ ஒரு கோப்பையை ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்றிருந்தது. கடைசி நொடியில் ஒருவர் போட்ட கூடை. அந்த ஒருவர் யார் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. முதலில் ஒரு பட்டு நூல் வியாபாரியைப் பார்த்தேன். "நான்தான்" என்றார். பக்கத்துக் கிராமமான கூரத்தில் ஒரு விவசாயியைப் பார்த்தேன். வரப்பில் நின்றபடியே எம்பிக் காட்டி, "நான்தான்" என்றார். இரண்டு பேரையும் எழுதிக்கொண்டு, பேருந்தில் நகத்தைக் கடித்தபடி திரும்பினேன்.

மூன்றாவது ஆள் வங்கியில் ஓய்வு பெற்றவர். சோபா தலையணையை எடுத்து, இடது பக்கம் போக்குக் காட்டி, வலது பக்கம் திரும்பி, மின்விசிறியை நோக்கி வீசினார். "இப்படித்தாம்மா போட்டேன்" என்றார். தலையணையைப் பொறுக்கி எடுக்க வந்த அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "போன வருசம் வரைக்கும் இவரு பாஸ் மட்டுந்தான் குடுத்துக்கினு இருந்தாரு. இப்பதான் கூடை போட ஆரம்பிச்சிருக்காரு."

குழாயடிப் போன்

'பழைய ஆட்டக்காரர்கள் தொடர்புகொள்ளவும்' என்று வாட்ஸ்அப்பில் என் எண்ணைப் போட்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் ஒரு பெண் குசுகுசுவென்று பேசினார். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். "தாமல்லேர்ந்து பேசறேன்மா. எம்பேரு கலைவாணி. பொண்ணுங்க டீம் கேப்டன்." அப்படி ஒரு அணி இருந்ததாக அதுவரை என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவருடைய மகள் யாழினி பிளஸ் ஒன் படிக்கிறாள். மாநில ஜூனியர் அணித் தேர்வுக்குப் பள்ளியில் அவள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். பொன்விழா முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை சென்னையில் தேர்வு. மாமியார் விடவில்லை. லாரி ஓட்டும் கணவர், "அம்மாவக் கேளு" என்று முடித்துக்கொண்டார். "நானும் ஆடினவதான் அத்தே" என்று இவர் சொன்னால் மாமியார் சிரிக்கிறாராம். மகளை அனுப்புவதற்காகக் கட்டிவிட்ட கதையாம். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் இவர் கையில் பந்தைப் பார்த்ததில்லை. போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஆண்களைத்தான் கோப்பையோடு நிற்கவைத்து எடுத்தார்களாம். "ஒரே ஒரு வரி போடு தங்கச்சி, கேப்டன்னு போடு, படிச்சிக் காட்டிடுறேன். ஐயோ, அத்தே வராங்க, வெச்சிடறேன்!"

பாவு எடுக்கும் வரை

தாவீது மாஸ்டர் எழுபதைத் தாண்டியும் தினம் மைதானத்துக்கு வரும் பயிற்சியாளர். காலை ஆறரைக்குப் போனேன். ஆட்டக்களத்தின் நீளத்துக்கும் பட்டுப் பாவு நூல் நீட்டிக் கட்டியிருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன் கஞ்சி தோய்த்துக் காயவைக்க, பக்கத்துத் தெருக்காரர்களுக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. காய்ந்து சுருட்டும் வரை பந்து தரையில் படக் கூடாது, நூலில் மண் ஒட்டும். பிள்ளைகள் ஓரத்தில் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் விசிலைச் சுற்றியபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நானும் அவர் பின்னாலேயே நடந்தபடி கேட்டேன்.

"பொண்ணுங்க டீம் நாலு வருசம் இருந்துச்சு. கலைதான் கேப்டன்" என்றார். சுற்றுவட்டாரத்தில் வேறு பெண்கள் அணி இல்லாததால், அவர்களை ஜூனியர் பையன்களோடு கலந்து பயிற்சி ஆடவிட்டு, போட்டியென்றால் அந்தப் பையன்களோடேயே மோதவிட்டாராம். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டேன். அதற்குள் பாவைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். களத்துக்குள் இறங்கிக்கொண்டே திரும்பிச் சொன்னார்: "யாரு கெலிச்சாங்கன்னு உங்க செக்ரட்டரியவே கேளும்மா, அவன் அப்ப ஜூனியர் டீம்லதான் இருந்தான்."

அரைப் பக்கம்

பெண்கள் அணி பற்றி அரைப் பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு, கழகச் செயலாளர் பக்தவச்சலத்தின் பட்டுக் கடைக்குப் போனேன். அப்பா காலத்துக் கடையை மூன்று மாடியாக்கியவர். கடைக்குள் அவரை 'ஐயா' என்று கூப்பிடாத ஆள் இல்லை. முகூர்த்த சீசன். இரண்டு கல்யாணக் கோஷ்டிகளுக்கு நடுவில் வெள்ளை விரிப்பில் நான் ஒடுங்கி உட்கார்ந்தேன். காபி வரவழைத்தார். படித்தார். சிரித்தார். "பொண்ணுங்க ஆடினாங்கம்மா, இல்லேன்னு சொல்லல. ஸ்கூலுக்குப் போற வழியில ரெண்டு பந்து போட்டுட்டுப் போவாங்க. அத டீமுன்னு சொல்ல முடியுமா?"

"கலைவாணின்னு ஒருத்தர் கேப்டனா..." என்று ஆரம்பித்தேன். "யாரும்மா அது? ஞாபகமே இல்லியே." ஜூனியர் பையன்களோடு நடந்த ஆட்டங்களைப் பற்றிக் கேட்டபோது, திடீரென்று பிரிந்து கிடந்த ஒரு புடவையை அவரே மடிக்க ஆரம்பித்தார். மறுநாள் அந்த அரைப் பக்கத்தில் ஒரு மிட்டாய்க் கடை விளம்பரம் போடச் சொல்லித் தகவல் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முதலாளி முன்னால் குரலை உயர்த்தினேன். "இது வரலாறுண்ணா!" என்றேன். சம்பத் அண்ணன் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வரலாறு விளம்பரம் குடுக்காதும்மா."

மூன்று நாள் எடுக்காத போன்

அடுத்த மூன்று நாளும் கலைவாணியின் அழைப்பை நான் எடுக்கவில்லை. போன் அதிரும்போதெல்லாம் எழுந்து பின்கட்டுக்குப் போய் நின்றேன். நான்காவது நாள் அம்மாவும் மகளும் நேரிலேயே வந்துவிட்டார்கள். கலைவாணி உயரமானவர். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். மலர் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பார்த்தார்.

"மாஸ்டர் வந்து உங்க மாமியார்கிட்ட சொன்னா என்னக்கா?" என்றேன். "ஒரு தபா வந்து சொன்னாரும்மா. 'வாத்தியாருங்க யாரு கூப்ட்டாலும் சாட்சி சொல்லுவாங்க'ன்னுட்டாங்க" என்றார். இப்போது விழாவுக்கு மாமியாரே வருகிறாராம். கழகத்தில் எவனாவது ஒருத்தன் தன் மருமகளை அடையாளம் சொல்கிறானா என்று பார்க்க வேண்டுமாம். யாழினி கையில் பந்து இல்லாமலே விரல்களைத் தரையை நோக்கித் தட்டிக்கொண்டிருந்தாள். போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "புக்ல அம்மா பேரு இல்லேன்னா ஆயா சிரிக்கும்கா. அந்தச் சிரிப்புக்கப்புறம் நான் எதையும் கேக்க முடியாது."

வாங்கம்மா

விழா மைதானத்திலேயே. பந்தலின் முன் வரிசையில் மாமியார் இடம்பிடித்துவிட்டார். மலரை மடியில் வைத்து, யாழினியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டச் சொன்னார். எனக்கு மேடைக்குப் பின்னாலிருந்து பொன்னாடைகளை எடுத்துக் கொடுக்கும் வேலை. துணி இடைவெளி வழியாக அந்தப் பக்கங்கள் புரளுவதைப் பார்த்துக்கொண்டே, ஒருவருக்கு இரண்டு பொன்னாடை கொடுத்து அனுப்பிவிட்டேன். கடைசிப் பக்கமும் வந்தது. கிழவியம்மா சிரிக்கவில்லை. மலரை விசிறியாக்கிக்கொண்டார். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

எல்லாரையும் வரவேற்றபடி வந்த பக்தவச்சலம், அரக்குப் பட்டுடுத்தி நின்ற கலைவாணியைப் பார்த்துக் கைகூப்பினார். "வாங்கம்மா, வாங்க. உக்காருங்க. யார் வீட்லேர்ந்து வரீங்க?" கலைவாணி வாயைத் திறப்பதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். எனக்கு மேடையை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினேன், தாவீது மாஸ்டர் நாற்காலி வரைக்கும். "கலைவாணி அக்கா வந்திருக்காங்க மாஸ்டர்" என்று அவர் காதில் சொல்லிவிட்டுத் திரும்பும்போது, முன் வரிசையிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது: "கேப்டனாம் கேப்டன். அந்தாளு வாங்கம்மான்றாரு, கேட்டுக்கினியா?"

ஒரு ஆள் குறைகிறது

சாப்பாட்டுக்கு முன்னால் பழைய ஆட்டக்காரர்களின் காட்சி ஆட்டம். பனியனுக்குள் அடங்காத வயிறுகளோடு எல்லாரும் ஓடினார்கள். சீக்கிரமே பக்தவச்சலத்தின் அணியில் ஒருவர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் விசிலை ஊதினார். பந்தலைப் பார்த்துக் கையை நீட்டி, "கலை, உள்ள வா" என்றார். கலைவாணி மாமியாரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கொசுவத்தை உயர்த்திச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். சிலர் கைதட்டினார்கள், சிலர் விசிலடித்தார்கள். யாரும் பந்து மட்டும் கொடுக்கவில்லை. அவர் ஓடிப் போய் நின்ற இடமெல்லாம் காலியாக இருந்தது. பக்தவச்சலம் பந்தைத் தட்டிக்கொண்டு தானே மூன்று பேருக்குள் புகுந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. போனில் நான் கேட்ட குசுகுசுக் குரல் இல்லை. "டேய் பக்தா! பந்த விடுறா! அன்னிலேர்ந்து இதே வேலதானாடா உனக்கு?" பக்தவச்சலம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தா, புடிடி!" என்று தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினார். பந்து நேராகக் கலைவாணியின் கைக்குப் போனது. ஒரு காலை ஊன்றித் திரும்பி எறிந்தார். வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. அது எங்கே விழுந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் பக்தவச்சலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கலைவாணியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

மாமியார் எழுந்து நின்றிருந்தார். ஆட்டம் பார்க்கப் பொன்னாடைக் குவியலோடு வந்து பக்கத்தில் நின்ற என்னைத் தொட்டு, "இந்தா பாப்பா, அந்தாளு பெரிய கடைக்காரருதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவரப் போயி டேய்ன்றா. அவரும் கோவப்படாம புடிடின்றாரு. கூட ஆடாதவனுக்கு அப்பிடி வாய்ல வருமா?" அந்தக் கேள்வி எனக்கில்லை. களத்தில் கலைவாணி இன்னும் யாரையோ திட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். மாமியார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முறைப்பாகவே பேத்தியின் பக்கம் திரும்பினார்: "ஏய், ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்குடி பஸ்ஸு?"

ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'அவர்கள்' போட்டு, மூன்று முறை பிழை திருத்தி நான் எழுதிய கழக வரலாறு ஒரு பக்கம் விசிறியாகக் கிடக்க, தாமல் வீட்டில் நம்பப்பட்டது எந்த அச்சகமும் அடிக்கத் துணியாத ஒரு 'டேய்' மட்டும்தான்.