சிவப்பு டேப் சுற்றிய ஒயர்

அந்தச் சாக்கெட் என் மேசைமேல் கிடக்கிறது. பழைய காரின் இன்ஜின் கம்ப்யூட்டரில் செருகுகிற சாக்கெட். அதன் முதுகில் விரல் நீளத்துக்கு வெட்டிய ஒயர்கள். ஒன்றில் மட்டும் சிவப்பு டேப். நான் சுற்றியது என்றுதான் நினைத்திருந்தேன். மச்சானைத் திட்டுவதற்கென்றே பன்னிரண்டு வருடம் இதைக் கடையில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. கம்மாபுரத்திலிருந்து பஸ் ஏறி நெய்வேலியில் என் கார் எலக்ட்ரிக்கல் கடைக்கு வேலைக்கு வருவான். ஒருநாள் சுரங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஒருவரின் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சாக்கெட்டின் எந்தப் பின்னில் எந்த ஒயர் என்று காட்டும் படத்தின் ஜெராக்ஸ் என்னிடம் இருந்தது. நானே எண்ணி, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகும் ஒயர் இதுதான் என்று டேப் சுற்றினேன். பேட்டரியிலிருந்து நேராக இதற்குக் கொடு என்றேன்.

"மாமா, இன்னொருவாட்டி எண்ணிப் பாத்துக்கினு..."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? குடுறா."

கொடுத்தான். புகை வந்தது. கம்ப்யூட்டர் செத்தது. ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று கத்தி, கார்க்காரர் முன்னாலேயே அறைந்தேன். மறுநாள் டிபன் பாக்ஸை எடுக்க வந்தவன் அதோடு போய்விட்டான். அதற்குப் பிறகுதான் அந்தச் சாக்கெட்டை வெட்டி ஆணியில் மாட்டினேன். அவனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. இன்றுவரை பெர்மனென்ட் இல்லை.

போன வாரம் அதே மாடல் கார் வந்தது. மகள் போனில் அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். அடியில் ஒரு வரி: பின்கள் தெரியும் முகப்பிலிருந்து பார்த்தபடி. என் ஜெராக்ஸில் அந்த வரி வெட்டுப்பட்டிருந்தது. நான் எண்ணியதோ முதுகுப் பக்கம். இடமும் வலமும் அப்படியே மாறிவிடும். ஆணியிலிருந்து சாக்கெட்டைப் பிடுங்கி எண்ணினேன். நாலு தடவை எண்ணினேன். டேப்பைப் பிரித்தேன். உள்ளே ஒயர் கருகிக் கிடந்தது. நான் காட்டிய இடத்தில்தான் அவன் கொடுத்திருக்கிறான்.

அப்படியே கம்மாபுரம் போய் அவன் முன்னால் சாக்கெட்டை வைத்தேன்.

"தெரியும் மாமா. டிபன் பாக்ஸு எடுக்க வந்தப்பவே பாத்தேன். நீங்க சுத்துன டேப்பு உருகிக் கெடந்துச்சு. பிச்சிட்டு, புதுசா சுத்தி மறைச்சு வெச்சேன்."

"ஏன்டா?"

"தப்பு உங்களுதுன்னு தெரிஞ்சா கோவத்த யார்மேல காட்டுவீங்க? அக்கா அந்த வூட்லதான இருக்குது."

என் மனைவி டம்ளரைக்கூடச் சத்தம் வராமல்தான் வைப்பாள். பொறுமைசாலி என்று இத்தனை வருடம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரித்த டேப் இன்னும் அந்த ஒயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றியது நான் இல்லை.