என் பங்குக்கு வந்த நிலா

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாயப் பைத்தியம். பத்துப் பொருத்தம் பார்த்த என் மாமனார் இந்த ஒன்றை மட்டும் விசாரிக்காமல் விட்டுவிட்டார். ராக்கெட் கிளம்புகிற நாளில் வாழைக்குத் தண்ணீர் கட்ட மாட்டேன். கிரகணத்தன்று சொந்தக்காரர்கள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடக்க, நான் அதற்கான கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று இட்லி தின்பேன். இதையெல்லாம் மன்னித்தார்கள். பாகப்பிரிவினையில் நான் செய்ததைத்தான் யாரும் மன்னிக்கவில்லை.

பரமத்தி வேலூர் பக்கம் அப்பாவுக்கு இரண்டு இடத்தில் நிலம். ஒன்று காவிரித் தண்ணீர் பாயும் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும். மற்றது, மேட்டில் வெள்ளைப் பாறை துருத்திக்கொண்டு நிற்கும் மானாவாரி நிலம்; எங்கள் பக்கம் அதைக் காடு என்போம். மூத்தவன் என்பதால் என்னை முதலில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சந்திரனில் இறங்கப்போகும் வண்டியைச் சோதித்துப் பார்க்க அங்கிருப்பதைப் போன்ற மண் வேண்டும் என்று, விஞ்ஞானிகள் நம் நாமக்கல் மாவட்டத்துப் பாறையைத்தான் கொண்டுபோய் அரைத்தார்கள். அதே வகைப் பாறை எங்கள் காட்டிலும் இருந்தது. நான் காட்டைக் கேட்டேன். நான் மனம் மாறுவதற்குள் தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டான்.

காட்டில் தண்ணீருக்குப் போர் போட்டோம். ரிக் வண்டிக்காரர் முகமெல்லாம் வெள்ளையாக வந்து, "தண்ணி இல்லீங்க. மாவு வேணா நல்லா வருதுங்க" என்றார். அடுத்த போரிலும் மாவுதான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் எதிர்வரிசையிலிருந்து, "ஏனுங்க மாமா, நெலாவுல மழ பேஞ்சுதுங்களா?" என்பார்கள். சிரித்து வைப்பேன். வீட்டில் அப்படிச் சிரித்துத் தப்பிக்க முடியாது. ஜல்லி உடைக்கும் கிரஷர்காரர் ஒருவர் அந்தப் பாறையை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். கொடுத்துவிடலாம் என்றாள் என் மனைவி. சந்திரனை உடைத்து ரோட்டில் கொட்டுவதா என்றேன் நான். வருஷக்கணக்கில் எங்கள் சாப்பாட்டு நேரம் இப்படித்தான் போயிற்று.

நம் விண்கலம் சந்திரனில் இறங்க வேண்டிய அன்று அவளே ஒரு முடிவு கட்டினாள். முந்தைய தடவை அது விழுந்து நொறுங்கியபோது நான் சோறு தின்னாமல் கிடந்ததை அவள் மறக்கவில்லை.

"இன்னிக்கு அது நல்லபடியா எறங்குச்சுன்னா, அந்தக் காட்டப் பத்தி நான் சாகற மட்டும் ஒரு வார்த்த பேச மாட்டனுங்க. உழுந்துச்சுன்னா நாளைக்குக் கெரஷர்காரரு ஊட்டுக்கு வருவாரு."

சரி என்றேன்.

சாயங்காலம் தம்பி குடும்பத்தோடு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தான். நான் அழுவதைப் பார்க்கத்தான் வந்திருந்தான் என்பது என் அபிப்பிராயம். திரையில் விண்கலத்தின் பாதையைக் காட்டும் கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. கிரகணத்தன்று இட்லி தின்ற வீரன், குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். நாட்டுக்காக வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான், வேண்டிக்கொண்டது பாறைக்காக. இறங்கிவிட்டது. குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

தம்பி கைதட்டினான். டிவியில் நாமக்கல் மண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் தட்டுவதை நிறுத்திவிட்டான். மோவாயைத் தடவிக்கொண்டே என் பக்கம் திரும்பினான்.

"ஏண்ணா, பாகம் பிரிச்சப்ப நாம சரியா ரோசன பண்ணலீங்களே. காட்டுல பாதி எனக்குக் குடுத்துருங்க. கொடிக்கால்ல பாதிய நீங்க எடுத்துக்குங்க" என்றான்.

எத்தனையோ வருஷம் என்னைப் பார்த்துச் சிரித்தவனுக்கு அரை மணி நேரத்தில் நிலா தேவைப்பட்டுவிட்டது.

என் மனைவி காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். பேச மாட்டேன் என்று சொன்னவள் பேசவில்லை, என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. தண்ணீர் பாயும் நிலம் கேட்காமலே வீடு தேடி வந்திருக்கிறது. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அன்று ஜெயித்த திமிரில், "ஒரு கல்லுகூடத் தர மாட்டன், போடா" என்றேன். அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் பேப்பரை அவள்தான் முதலில் எடுத்தாள். எனக்குக் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகப் படித்தாள். விண்கலம் இறங்கிய பக்கத்தில், வெயிலே படாத பள்ளங்களில் தண்ணீர் உறைந்து கிடப்பதாகப் போட்டிருந்தது.

"நெலாவுலகூடத் தண்ணி இருக்குதாமாங்க" என்றாள்.

பேப்பரை மடித்து என் மடியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். எங்கள் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.