ஒன்றாம் வகுப்பைப் பாதியாக்கிய வெள்ளிக்கிழமை

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு நாங்கள் வைத்த பெயர் பாதி டீச்சர். அதை முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் எனக்கு மட்டும்தான் உண்டு. நான் இரண்டாம் வகுப்பு வாத்தியார். எங்கள் வகுப்புகளுக்கு நடுவே தோள் உயரத்துக்கு ஒரு மரத்தடுப்பு, அவ்வளவுதான். அவர் நடத்தும் பாடம் முழுக்க என் காதில் விழும். என் பாடம் அவர் காதில் விழாது. அவர் தொண்டை அப்படி.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி என்றால் என்னவென்று சொல்லித் தருவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் எடுத்த எடுப்பில் யாருக்கும் வந்துவிடாது. இந்த வருடம் ஒருவனிடம் ஆறு ரப்பரைக் கொடுத்து, இதில் பாதியை எனக்குக் கொடு என்றார். அவன் ஆறையும் பல்லால் கடித்து, ஆறு பெரிய துண்டுகளைத் தான் வைத்துக்கொண்டு, ஆறு சின்னத் துண்டுகளை அவர் மேசையில் அடுக்கினான். எல்லாவற்றையும் பாதியாக்கிவிட்டானாம். அன்றிலிருந்து டீச்சர் பொத்தானுக்கு மாறிவிட்டார்.

அவர் முறை சுலபமானது. பொத்தான்களை முதலில் ஜோடி ஜோடியாக வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். எண்ணத் தெரியாத பிள்ளைகூடப் போட்டுவிடும். எட்டானாலும் பத்தானாலும் இரண்டு பக்கமும் சமமாக வந்து நிற்கும்.

இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். பெஞ்சில் இடம் போதாமல் இரண்டு பேர் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு திங்கட்கிழமை தலைமையாசிரியை ஒரு புது டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடுங்கள், உங்களுக்குப் பாதி, பக்கத்து அறையில் இவருக்குப் பாதி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாதி சொல்லித் தந்தவருக்குத் தன் வகுப்பைப் பாதியாக்க மனம் வரவில்லை. மதிய இடைவேளையில் பட்டியல் எழுதுவார், கிழிப்பார், மறுபடி எழுதுவார். ஒன்றை வாங்கிப் பார்த்தேன். சமத்துப் பிள்ளைகள் இருபத்தொரு பேரும் அவர் பக்கம். ரப்பர் கடித்தவன், மூக்கு ஒழுகுகிறவன், காரணமில்லாமல் கத்துகிறவன் எல்லோரும் புது டீச்சர் தலையில். இது பாதியா என்று கேட்டேன். எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கிறது என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எல்லாப் பட்டியலிலும் அவர் பக்கத்து முதல் பெயர் மட்டும் மாறவே இல்லை. நாங்கள் குட்டி வக்கீல் என்று கூப்பிடும் பெண் அவள். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். யாரை விட்டாலும் அவளை விட மாட்டேன் என்று டீச்சர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். புது டீச்சரோடு அந்த வாரம் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. புது டீச்சர் பாவம், வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலோரமாக உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. பட்டியல் எதுவும் தேறவில்லை. இன்று நீங்கள்தான் பொத்தான், ஜோடி சேருங்கள் என்று பிள்ளைகளிடமே விட்டுவிட்டார் டீச்சர். பாய்ந்து சேர்ந்தார்கள். பிரியச் சொன்னதும் ஒருவர் இந்தச் சுவரோரம், ஒருவர் அந்தச் சுவரோரம் நகர்ந்தார்கள். இந்தப் பக்கம் இருபத்தொன்று, அந்தப் பக்கம் இருபத்தொன்று.

அப்புறம்தான் விஷயம் உறைத்தது. ஜோடி சேரச் சொன்னால் பிள்ளைகள் யார் கையைப் பிடிக்கும்? உயிர்த்தோழன் கையைத்தான். முறை கொஞ்சமும் பிசகாமல் வேலை செய்து, வகுப்பிலிருந்த அத்தனை சிநேகிதத்தையும் பிரித்து வைத்துவிட்டது. இரண்டு சுவரோரமும் ஒரே அழுகை. அதுவும் சரிபாதி. டீச்சர் மூக்கை உறிஞ்சியது எனக்குத் தடுப்பைத் தாண்டிக் கேட்டது.

குட்டி வக்கீல் மட்டும் அழாமல் கையைத் தூக்கினாள். "டீச்சர், பிடிச்சவங்களோட ஜோடி சேர்ந்தாத்தானே அவங்களை விட்டுப் பிரியணும்? சண்டைக்காரங்களோட சேர்ந்தா?"

அழுகை பட்டென்று நின்றது. அடுத்த நிமிஷம் ஆளாளுக்கு எதிரியைத் தேட ஆரம்பித்தார்கள். ரப்பர் கடித்தவனுக்கு மட்டும் மூன்று பேர் போட்டி போட்டார்கள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. யாரோடும் சண்டையே போடாத இரண்டு பேர் கடைசியில் மிஞ்சி, வேறு வழியில்லாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள். இந்த முறை பிரியச் சொன்னதும் எல்லோருக்கும் ஏகப்பட்ட சந்தோஷம்.

இதற்குள் என் வகுப்பு மொத்தமும் பெஞ்சில் ஏறித் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்குங்கள் என்று அதட்ட வேண்டிய நான் அவர்களுக்கு முன்னால் நின்றிருந்தேன்.

"டீச்சர், நீங்க இன்னும் ஜோடி சேரலையே," என்றாள் குட்டி வக்கீல்.

"நான் யாரோட சேர்றது?"

"நீங்க யார்கூடப் பேச மாட்டீங்களோ, அவங்களோட," என்று வாசலைக் காட்டினாள்.

ஆறு வயதுப் பிள்ளை. வாரம் முழுக்க எல்லாவற்றையும் கவனித்திருக்கிறாள். டீச்சர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. போய்ப் புது டீச்சர் கையைப் பிடித்தார். அது சில்லென்று இருந்ததாம்.

"எனக்கு இதுதான் முதல் வேலை அக்கா. பிள்ளைங்க உங்களைக் கேட்டு அழுதா என்ன செய்றதுன்னே தெரியலை," என்றார் புது டீச்சர்.

டீச்சருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு வாரமாக இந்தப் பெண்ணைப் பயத்தோடு உட்கார வைத்திருக்கிறோமே என்று பின்னால் என்னிடம் வருத்தப்பட்டார். அழ மாட்டார்கள், நான் பக்கத்து அறையில்தானே இருக்கிறேன் என்று அவருக்குத் தைரியம் சொன்னார். பிறகு கையை விட்டார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்றார்கள்.

அதையும் குட்டி வக்கீலே முடித்து வைத்தாள். "நீங்க அவங்க பக்கம் போங்க டீச்சர். புது டீச்சர் எங்க பக்கம் வரட்டும். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, நான் சொல்லித் தர்றேன்."

சொல்லிவிட்டுப் புது டீச்சரின் விரலைப் பிடித்து அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னாலேயே இருபது பேர் போனார்கள். அங்கே போய்ச் சேருவதற்குள் ஏன் என்ற கேள்வி இரண்டு தடவை என் காதில் விழுந்தது.

டீ குடிக்கும்போது டீச்சர் கோப்பையை என் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம் இல்ல சார்?"

அவள் பார்க்கவில்லை. நான் தடுப்புக்கு மேலிருந்து கடைசிவரை கவனித்தேன், பார்க்கவே இல்லை. "பார்த்தாளே," என்றேன். "நீங்க அப்போ மூக்கைத் துடைச்சுக்கிட்டிருந்தீங்க."

"பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருத்தமாச் சொல்லுங்க சார்," என்றார் டீச்சர், மறுபடி மூக்கைத் துடைத்துக்கொண்டே.