உடுத்திய துணிதான் வேண்டும்

தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொள்ளக் கூடாது என்பார்கள். வேறு யார் மெச்சுவார்கள் என்று காத்துக்கொண்டிருப்பதாம்? எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தைக்குக் காது குத்தினாலும், எந்தப் பெண் பெரியவளானாலும், யாருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தாலும் நான் தைத்தது ஒன்று அந்த வீட்டுக்குப் போயிருக்கும். தூளித் துணி, சுருக்குப்பை, தலையணை உறை, போர்வை. மந்தைவெளியில் எங்கள் ஃப்ளாட்டின் பால்கனியை அடைத்துத்தான் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். அங்கிருந்து போன எதுவும் தையல் விட்டுத் திரும்பி வந்ததில்லை.

கல்யாணம் என்றால் போர்வைதான். கடைக்காரர்கள் குயில்ட் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது ஒட்டுப் போர்வை. மேலே சதுரம் சதுரமாக வெட்டி இணைத்த துணிகள், அடியில் ஒரே விரிப்பாக மல் துணி, நடுவில் பஞ்சுக்குப் பதில் துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டி. இந்த ஊர் வெயிலுக்குப் பஞ்சு வைத்துத் தைத்தால் வாங்கிக்கொண்டு போனவர்கள் பரணில் போட்டுவிடுவார்கள். மூன்றையும் சேர்த்துப் போடும் நூலோட்டம் மட்டும் கையால்தான். மெஷினில் ஓட்டினால் சீக்கிரம் முடியும், ஆனால் போர்வை விறைத்துக்கொள்ளும். விறைத்த போர்வையை யார் கழுத்துவரை இழுத்துக்கொள்வார்கள்?

இதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். துணி உடுத்தியதாக இருக்க வேண்டும். புதுத் துணி முதல் நனைப்பில் சுருங்கி, பக்கத்துச் சதுரத்தையும் கோணலாக இழுத்துவிடும். பழசு சுருங்க வேண்டியதையெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்திருக்கும். இது தையல் காரணம். இன்னொன்றும் இருக்கிறது. புதுத் துணியில் கடை வாசனைதான் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். எனக்கு ஆள் வேண்டும்.

என் மகனுக்கு நிச்சயதார்த்தம் முடிந்ததும், இரண்டு குடும்பத்தையும் சேர்த்து ஆரம்பித்திருந்த வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். போர்வை தைக்கிறேன், ஆளுக்கு ஒரு துணி தரவும், உடுத்தியதாக இருக்கட்டும் என்று. என்ன வந்தது தெரியுமா? ஜாக்கெட் பிட். தாம்பூலப் பையில் வெற்றிலை பாக்கோடு கை மாறி, யாராலும் தைக்கப்படாமல், மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் நடுவே வீடு வீடாகப் போய் வந்துகொண்டிருக்குமே, அதே ஜாக்கெட் பிட். சோபாவில் ஒரு குவியலே சேர்ந்துவிட்டது. அதில் ஒரு கிளிப்பச்சைத் துண்டைப் பிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு நானே வைத்துக் கொடுத்தது. ஓரத்தில் என் விரல் மஞ்சள் அப்படியே இருந்தது.

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “பொறந்த வீட்டுக்குச் சீராடத் திரும்பி வந்திருக்கு, நல்லா கவனிச்சு அனுப்பு” என்றார்.

மங்கள காரியத்துக்குப் பழசைக் கொடுப்பார்களா என்பது அவர்கள் நியாயம். அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் சுள்ளென்று வந்தது. குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். “ஜாக்கெட் பிட் குடுத்தவங்க எல்லாரும் வந்து வாங்கிட்டுப் போங்க. இங்க நான் கடை வைக்கலை. உங்க பீரோவுல எதைத் தூக்கிப் போட மனசு வரலையோ, அது வேணும் எனக்கு.”

அதற்கப்புறம் வந்தது பாருங்கள் துணி. என் தம்பி தன் முதல் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை. என் அத்தை மகள் மூன்று பிள்ளைகளையும் போட்டு ஆட்டிய தூளிப் புடவை. மருமகளாக வரப்போகிறவள் நேரிலேயே வந்தாள், கையில் அவள் அப்பாவின் கட்டம் போட்ட சட்டையோடு. அவள் பள்ளியில் படிக்கும்போதே அவர் தவறிவிட்டார்.

“அப்பா ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து, இந்த முதுகுல சாஞ்சுதான் தூங்குவேன் அத்தை” என்று சட்டையின் பின்பக்கத்தைத் தடவிக் காட்டினாள். நான் அந்த இடத்திலிருந்தே ஒரு சதுரம் வெட்டினேன்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றையும் சொன்னாள். “அம்மா மேடைக்கு வரமாட்டாங்களாம் அத்தை. பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் என்னைத் தாரை வார்த்துக் குடுக்கப்போறாங்க. நான் பந்தியைப் பாத்துக்கிறேன்னு அம்மா சொல்லிட்டாங்க. எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாக்குறீங்களா?”

அந்தப் பெண்ணைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர் அவர். கல்யாணத்தன்று சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நிற்பதாம். ஆனால் நான் மாப்பிள்ளையின் அம்மா. நான் போய்ச் சொன்னால் அது யோசனையாகவா கேட்கும்? உத்தரவாகத்தான் கேட்கும். பார்க்கலாம்மா என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அந்தச் சம்பந்தி அம்மாவிடமிருந்துதான் இரண்டாவது தடவையும் ஜாக்கெட் பிட் வந்தது. அரக்கு நிறம், மஞ்சள் குங்குமப் பொட்டலத்தோடு, கடை ஸ்டிக்கர்கூடப் பிரிக்காமல். என் வாய்ஸ் மெசேஜைக் கேட்ட பிறகும் இப்படி அனுப்புகிறார் என்றால் என்ன அர்த்தம்? பழசு கேட்கிற பிச்சைக்காரக் குடும்பம் என்று நினைத்துவிட்டாரா? எனக்கு அன்றைக்குச் சமையலே ஓடவில்லை. “விடேன், ஒரு சதுரம் குறைஞ்சா போர்வை போர்வையில்லாம போயிடுமா” என்றார் வீட்டுக்காரர். போயிடும் என்று சொல்லிவிட்டுக் கைப்பையில் கத்தரிக்கோலைப் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

கொட்டிவாக்கத்தில் கடலுக்கு இரண்டு தெரு முன்னால் அவர்கள் வீடு. பாலர் பள்ளியில் டீச்சர் வேலை அவருக்கு. அன்றைக்கு லீவு. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். கல்யாணத்துக்கு ஏதோ தடங்கல் என்று பயந்துவிட்டார். அதைப் பார்த்ததும் ஆட்டோவில் நான் அடுக்கிக்கொண்டு வந்த வசனமெல்லாம் பாதி மறந்துபோனது.

“ஒண்ணுமில்ல சம்பந்திம்மா. உடுத்துன துணி கேட்டேன், புதுத் துணி அனுப்பிட்டீங்க. அதான் நானே வந்துட்டேன்.”

அவர் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார். “அது கல்யாணப் படுக்கையில போடுற போர்வைங்க. அதுல என் புடவை இருக்க வேணாம். பிள்ளைங்க நல்லா இருக்கணும்.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நேரம் எதற்குக் குதித்தேன் என்று வெட்கமாகக்கூட இருந்தது. “இதை யார் சொன்னது உங்களுக்கு?” என்றேன். விடாமல் கேட்ட பிறகு, மாம்பலத்திலிருந்து என் நாத்தனார் போன் பண்ணியதைச் சொன்னார். நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம், புதுசாகவே கொடுத்துவிடுங்கள், அதுதான் பிள்ளைகளுக்கு நல்லது என்று.

“சம்பந்திம்மா, உங்க வீட்டுக்காரர் சட்டை அந்தப் போர்வையில ஏறிடுச்சு” என்றேன். “நானே வெட்டி, நானே தச்சேன். அதை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. போனவர் சட்டை இருக்கலாம், உயிரோட நின்னு பொண்ணை வளத்தவங்க புடவை இருக்கக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்? எனக்கு விளங்கலை.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது. நான் கீழே விழுந்த துணியை எடுத்து உதறிக் கொடியில் போட்டேன். பக்கெட்டில் மிச்சமிருந்ததையும் ஒவ்வொன்றாகப் பிழிந்து போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

“உங்க பொண்ணு கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலும் இது அம்மாதான்னு சொல்லுவா இல்ல, அந்தப் புடவை எது?” என்று கேட்டேன். அவர் கீழே போய் ஒரு கத்தரிப்பூ நிறச் சுங்குடிப் புடவையை எடுத்து வந்தார். முந்தானை நூல் நூலாகப் போயிருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கட்டி, மகளுக்குக் காய்ச்சல் வந்தால் அதிலேயே சுருட்டிப் படுக்கவைத்து, அப்படியே மெத்தென்று ஆகியிருந்தது. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். “குடுங்க, நானே வெட்டுறேன்” என்றார். வெட்டினார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நாத்தனாருக்குப் போன் போட்டேன். “நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலை அண்ணி, ஊர் சொல்றதைத்தான் சொன்னேன்” என்றாள். “ஊருக்கு நான் போர்வை தைக்கலை. என் பிள்ளைக்கும் மருமகளுக்கும் தைக்கிறேன். இனிமே என் சம்பந்திகிட்ட ஏதாவது சொல்லணும்னா என்னைக் கேட்டுட்டுச் சொல்லு” என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். பத்திரிகை வைக்கப் போனபோதுகூட எனக்குக் காபி மட்டும்தான் வந்தது, பேச்சு வரவில்லை.

தைத்தவரைக்கும் பிரித்துப் போர்வையை மறுபடி அடுக்கினேன். கத்தரிப்பூச் சுங்குடி நடுவில், அதை ஒட்டிக் கட்டம் போட்ட சட்டை, மற்றவர்கள் எல்லோரும் சுற்றி. சுங்குடி அவ்வளவு நைந்திருந்ததால் பின்னால் ஒரு மெல்லிய வாயில் பருத்தித் துணி கொடுத்துத் தாங்கவைத்தேன். தியாகராய நகருக்குப் போய் அதே நிறத்தில் நூல் தேடி அலைந்தேன். மேட்சிங் கடைப் பையன்களே ஓடி ஒளிகிற அளவுக்கு நூல்கண்டுகளைப் பிரித்துப் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். நூலோட்டம் எறும்பு ஊர்ந்த மாதிரி வந்தது. நான் தைத்ததிலேயே இதுதான் உசத்தி. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. போர்வையின் கடைசி மூலையை வீட்டில் மூட மாட்டோம். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை மண்டபத்தில் விரித்து வைத்து, குடும்பத்துப் பெண் ஒருத்தி எல்லார் முன்னாலும் அதைத் தைத்து முடிப்பாள். அந்த ஊசி இதுவரை சுமங்கலிகள் கையைத் தாண்டிப் போனதில்லை. இந்தத் தடவை என் நாத்தனார் பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் நூலைக் கோர்த்தேன். எழுந்து கடைசி வரிசைக்குப் போய், ஊசியைச் சம்பந்தி அம்மா கையில் கொடுத்தேன்.

பேசிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், பிறகு சுற்றிப் பார்த்தார். ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். கொடுத்துவிட்டால் அவரை எல்லார் முன்னாலும் நிறுத்தி நானே அவமானப்படுத்தியதாகத்தானே ஆகும்? அதற்குள் கல்யாணப் பெண், தலை நிறையப் பூவும் நகையுமாக, மேடையிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். போர்வைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, மூலையை இழுத்துப் பிடித்தாள். அம்மா தைத்தார். தையல் ஒன்றும் என் அளவுக்கு இல்லை. ஆனால் அவசரப்படாமல் தைத்தார். முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். யாரோ ஒரு பெரியவர் முதலில் வந்து போர்வையைத் தொட்டு வாழ்த்தினார். அதன் பிறகு வரிசையாக எல்லோரும் வந்தார்கள். என் நாத்தனாரும் வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள், ஆனாலும் தொட்டாள்.

மறுநாள் காலை முகூர்த்தம். தாரை வார்க்கக் கூப்பிட்டதும் பெரியப்பாவும் பெரியம்மாவும் பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். பெரியம்மா தண்ணீர்ச் செம்பை எடுத்தார். நான் சம்பந்தி அம்மாவை அழைக்கவில்லை. பெண்ணும் அழைக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பந்திக் கூடத்திலிருந்து சம்பந்தி அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நேராக மேடையேறினார்.

“அக்கா, செம்பை இப்படிக் குடுங்க. என் பொண்ணுக்கு நான் ஊத்துறேன்.”

பெரியம்மா செம்பைக் கொடுத்துவிட்டு, இடம் விட்டு நின்றார்.