பம்பைக்கு ஏற்றிய பேஸ்

பதிவான பாட்டைச் சரிசெய்து கொடுப்பவனுக்கு நல்ல காது இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; எருமைத் தோலும் வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் அசடு வழிந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வாருங்கள், சேர்ந்தே தலைகுனிவோம்.

எனக்கு வீடு திண்டிவனம். ஸ்டுடியோ விழுப்புரத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேலே. அங்கே வந்தவர்தான் வல்லம் பக்கத்துச் செல்வி அக்கா. பல வருஷம் அடுத்தவர் பாட்டுக்குப் பின்பாட்டு பாடியவர், முதல்முறையாகத் தானே ஒரு அங்காளம்மன் பாட்டு பாடினார். பம்பை அடித்தது அவர் வீட்டுக்காரர் ஏழுமலை. அமாவாசையன்று மேல்மலையனூரில் பாட்டு விற்கிற கடையில் அது ஒலிக்கவேண்டும், கேட்கிற ஊர்க்காரர்கள் திருவிழாவுக்கு அக்காவைக் கூப்பிடவேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. அது என் கையில் சிக்கியது, பாவம்.

பஸ்ஸில் வந்த அம்மன்

நான் ஆசைப்பட்டு வாங்கியது ஓபன் பேக் ஹெட்போன். காதுமூடியின் வெளிப்பக்கம் அடைக்காமல் வலை போட்டிருக்கும். பாட்டு வெட்டவெளியில் கேட்பதுபோல் தாராளமாக இருக்கும். காதுக்குள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும் என்பதைப் பெருமையில் மறந்து, திண்டிவனம் பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்து வேலையை ஆரம்பித்தேன்.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. பம்பை உறுமும், அக்கா "எழுந்து வாம்மா" என்பார், நிறுத்துவேன். மறுபடி உறுமும், மறுபடி "எழுந்து வாம்மா". பக்கத்து சீட்டு அம்மா கொட்டாவி விட ஆரம்பித்தார். அப்புறம் தோள் குலுங்கியது, கொண்டை அவிழ்ந்தது. மொத்த பஸ்ஸும் என்னைப் பார்த்தது. கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சொன்னார்: "யோவ், பாட்ட முழுசா வுடு, இல்லாட்டி ஜல்தியா நிறுத்து. அம்மாவ பாதி வழியில நிக்க வெச்சா பேஜாரு ஆயிடும்."

கிழியாத தோல்

இந்த ஹெட்போனில் இன்னொரு வில்லங்கம், கனத்த கீழ்ச் சத்தம், அதாவது பேஸ், குறைவாகவே கேட்கும். பம்பை தகர டப்பா மாதிரி கேட்டது. பதிவில்தான் குறை என்று நினைத்து, பாட்டிலேயே பேஸைத் தாராளமாக ஏற்றினேன். ஏழுமலை அண்ணன் தன் குட்டியானை சரக்கு வண்டியில் போட்டுப் பார்த்தார். கதவு அதிர்ந்தது, கண்ணாடி அதிர்ந்தது, அக்காவின் குரலைத்தான் காணோம். அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்: "அடிச்சது நான்தான் தம்பி. ஆனா இந்த அடி அடிச்சிருந்தா என் பம்பைத் தோலு கிழிஞ்சில்ல போயிருக்கும்?"

காதுக்குக் கண்ணாடி

அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. மாற்றவேண்டியது பாட்டை அல்ல, ஹெட்போனை. கம்ப்யூட்டரில் ஈக்குவலைசர் வைத்து, ஹெட்போனுக்கு மட்டும் கீழ்ச் சத்தத்தை ஏற்றினேன். காதைக் குத்துகிற மேல் சத்தத்தைக் கொஞ்சம் இறக்கினேன். கரகரக்காமல் இருக்க மொத்தச் சத்தத்தையும் ஒரு பிடி குறைத்தேன். அடேயப்பா! பம்பை பம்பையாகக் கேட்டது, கூடவே குலுங்கிய கைச்சிலம்பு சிலம்பாகக் கேட்டது. பாட்டில் ஏற்றி வைத்திருந்த பேஸை எல்லாம் இறக்கி, அக்காவின் குரலை முன்னால் கொண்டுவந்தேன்.

அக்காவுக்கு மாட்டிக் காட்டி, "இது கண்ணாடி போட்டுக்கிற மாதிரிக்கா. பாட்டு மாறாது, என் காதுக்கு மட்டும்தான்" என்று பெரிய வாத்தியார்போல் விளக்கினேன். கேட்டுவிட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கொரலு இப்பிடியா தம்பி கீது? எனக்கே தெரியாமப் போச்சே."

அமாவாசை

கண்ணாடி போட்டவன் அதைக் கழற்றாமலே படுத்த கதை இனிதான். பாட்டைக் கோப்பாக வெளியே எடுக்கும்போது அந்த ஈக்குவலைசரை அணைக்கவேண்டும். நான் அணைக்கவில்லை. என் காதுக்குப் போட்ட பேஸ் முழுக்கப் பாட்டுக்குள் இறங்கிவிட்டது. அனுப்புமுன் அண்ணன் வண்டியில் ஒருதரம் கேட்டிருக்கலாம். காதுதான் சரியாகிவிட்டதே என்ற திமிர்.

மேல்மலையனூருக்கு அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார். வல்லத்திலிருந்து சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து, காலையிலேயே கடைமுன் நின்றார்கள். ஸ்பீக்கர் பெட்டி முழங்கியது. பம்பை நெஞ்சை இடித்தது. அக்கா கம்பளிக்குள் இருந்து பாடுவதுபோல் முனகினார். கடைக்காரர் பென்டிரைவைப் பிடுங்கி வேறு பாட்டைப் போட்டார். "பம்பை நல்லா கீதுக்கா. பாடினது யாரு?"

டீக்கடையில்

அங்கேயே டீக்கடையில் லேப்டாப்பைத் திறந்து, ஈக்குவலைசரை அணைத்து, பாட்டை மறுபடி கோப்பாக எடுத்தேன். கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மத்தியானத்துக்குமேல் போடவைத்தேன். குரல் கணீரென்று எழுந்தது. போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேன் நின்றிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இப்ப நல்லாத்தான் கீது தம்பி. எங்க ஊரு ஜனம்தான் காலையில போட்டதையே கேட்டுக்கினு வேன் ஏறிடுச்சு."

ஈக்குவலைசரில் எந்தச் சத்தத்தை வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம். அன்று தொங்கிப்போன என் முகத்தை ஏற்றத்தான் அதில் வழியில்லை.